பெண்ணுக்கு வலது கட்டைவிரல்

இனி பத்து விரலும் எடுக்கப் போகிறார்களாம். போன வாரம் ஜொகூர் பாரு கடைத்தெருவில் உஸ்மானைப் பார்த்தபோது சொன்னார். "ஒரு ஆளுக்குப் பத்து விரல், பாங் சாமி. நீங்க இருந்திருந்தா ஒரு ஆளுக்கு அரை நாள் ஆகியிருக்கும்" என்று சிரித்தார். பாங் என்றால் மலாயில் அண்ணன். நான் வேலை பார்த்த குடிநுழைவு அலுவலகத்தில் எனக்குப் பிறகு மைத்தட்டு அவர் கைக்குப் போனது. விடைபெறும்போது, "அந்த வலது கை விஷயத்தை எழுதி வையுங்க. புதுசா வந்த பிள்ளைங்க கேக்குதுங்க. நான் சொன்னா கதை விடுறேன்னு நினைக்குதுங்க" என்றார்.

எழுதச் சொன்னால் எழுதிவிடலாம். பேசுவதுதான் எனக்கு வராது. நான்கு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டாலே காது சூடாகிவிடும். நான் படித்ததும் நான்காம் வகுப்புத் தமிழ்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளுவாங்கிற்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். தோட்டப் பள்ளியை விட்டதும் தோட்ட ஆபீசில் பெரிய கிராணிக்கு, அதாவது தலைமை எழுத்தருக்குக் கீழே வேலை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்குவது என் பொறுப்பு. பெரிய கிராணி ஊரில் பத்திரப் பதிவு ஆபீசில் இருந்துவிட்டு வந்தவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆம்பளைக்கு இடது, பொம்பளைக்கு வலது. மாத்தி எடுத்தே, காகிதம் செல்லாது." ஏன் என்று நான் கேட்கவில்லை. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்பதைப் போல அதையும் மனதில் வைத்துக்கொண்டேன். முப்பது வருடம் அப்படியே எடுத்தேன்.

சிங்கப்பூருக்குக் கடற்பாலம் போட்டுச் சில வருடங்கள் கழித்து, ஜொகூர் பாருவில் சர்க்கார் பியூன் வேலை கிடைத்தது. பிறகு வெளிநாட்டார் சட்டம் வந்தது. சீனத்திலிருந்து வருகிறவர்கள் சிங்கப்பூரில் இறங்கிப் பாலம் தாண்டி வந்தால், எங்கள் அலுவலகத்தில் சீட்டு வாங்க வேண்டும். இங்கே இருப்பவர்கள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப வருவதானால், போகும் முன்பே மறுநுழைவுச் சீட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். சீட்டில் கட்டைவிரல் ரேகை வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர் யார் என்று மேலதிகாரி கேட்டபோது, கை தூக்கியது நானல்ல. பக்கத்தில் இருந்தவர்கள் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

ரேகை எடுப்பது பார்க்கச் சுலபம். செப்புத் தகட்டில் பட்டாணி அளவு மை வைத்து, உருளையால் தேய்க்க வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவியது போலப் பரவினால் போதும். அதிகமானால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விரலை நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே தடவை உருட்ட வேண்டும். பின்னோக்கி உருட்டினால் கெட்டது. இதில் பெரிய தொல்லை, வருகிறவர்கள் உதவி செய்ய நினைப்பது. பயந்துபோய் இருப்பார்கள். நன்றாகப் பதிந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று எண்ணித் தாங்களே விரலை அழுத்துவார்கள். அழுத்தினால் வெறும் கறுப்புத்தான் விழும். அதனால் நான் ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டுவேன். வெளியே நீரிணை தெரியும், படகு போகும். அதைப் பார்த்துக்கொண்டே கையை மறந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் விரல் கனமில்லாமல் என் கைக்குள் கிடக்கும். அப்போது உருட்டிவிடுவேன்.

அன்னாசித் தொழிற்சாலைப் பெண்களுக்கு மட்டும் வேறு வழி. நாள் முழுக்க அன்னாசி சீவுகிற கையில் சாறு ஊறி ஊறி ரேகையைத் தின்றுவிடும். விரல் நுனி கழுவிய தட்டு மாதிரி வழுவழுப்பாக இருக்கும். அவர்களுக்கு நுனியோடு நிறுத்தாமல் மூட்டுக்கோடு வரைக்கும் இறக்கி உருட்டுவேன். அங்கே சாறு அவ்வளவாகப் படாது. கோடு இருக்கும். சீட்டில் ரேகைக்குப் போட்டிருக்கும் கட்டம் சின்னது. என் ரேகை அதைத் தாண்டிப் போகும். "உங்க ரேகை கட்டத்தை விட்டு வெளியே நடந்து போகுது, பாங் சாமி. அதுக்கும் ஒரு சீட்டு எழுதணும்" என்பார் உஸ்மான்.

எங்கள் மேலதிகாரி இஞ்சே யூசோப். மலாய்க்காரர். இஞ்சே என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒல்லியான மனிதர், வெள்ளைக் கோட்டின் பொத்தான் ஒன்றுகூடத் திறந்திருக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது யார் போய் நின்றாலும் அந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். நிமிர்ந்தால் முதல் சொல் "உட்காருங்கள்" என்பதாக இருக்கும். மூட்டை தூக்குகிறவருக்கும் அதே சொல், அதே நாற்காலி. அனுமதிக்கிற காகிதத்தைக் கிராணிகள் எழுதுவார்கள், அவர் கையெழுத்து மட்டும் போடுவார். மறுக்கிற காகிதத்தை யாரிடமும் கொடுக்க மாட்டார். தானே எழுதுவார். எழுதி, சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சீன மொழிபெயர்ப்பாளர் லிம்மைப் பக்கத்தில் நிறுத்தி, வரி வரியாகப் படித்துக் காட்டுவார். "ஏன் திருப்பி அனுப்புறாங்கன்னு தெரியாம ஒரு ஆள் கப்பல் ஏறக் கூடாது" என்பார். அன்று மதியம் அவர் சாப்பிட மாட்டார். நாங்களும் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி இருப்போம்.

அவர் அவ்வளவு கண்டிப்பாக ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. இதை உஸ்மானிடம்கூடச் சொன்னதில்லை.

ஒரு வருடம் ஓர் ஆள் தன் மனைவி என்று ஒரு பெண்ணை அழைத்துவந்தான். கையில் மறுநுழைவுச் சீட்டு இருந்தது. சீட்டிலிருந்த புகைப்படமும் பெண்ணும் கொஞ்சம் ஒத்துத்தான் இருந்தார்கள். ஆமாம் இவன்தான் கணவன் என்று மூன்று பேர் வந்து சாட்சி சொன்னார்கள். அந்த நாளில் ரேகையை எடுத்து ஒட்டி வைப்போமே தவிர, பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அபூர்வம். நான் அவள் விரலைப் பிடித்தேன். மெத்தென்றிருந்தது. ரேகை ஒவ்வொரு கோடும் கோலம் போட்டது போலத் தெளிவாக விழுந்தது. பழைய சீட்டிலோ தொழில் 'அன்னாசி வெட்டுபவர்' என்று இருந்ததாக லிம் படித்தது என் காதில் விழுந்திருந்தது. இந்தக் கை அன்னாசி வெட்டிய கை இல்லையே என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. அறையில் ஆறு பேர் இருந்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து, வேறொரு ஊரில் ஆண்கள் வந்து போகிற ஒரு வீட்டின் மாடியில் அவளைக் கண்டுபிடித்தார்கள். விற்றுவிட்டிருந்தார்கள். இஞ்சே யூசோப் தானே போய் அழைத்துவந்தார். அதற்குப் பிறகு அவர் சாட்சிகளை நம்புவதை விட்டுவிட்டார். திரும்பி வரும் ஒவ்வொரு பெண்ணின் ரேகையையும் அலுவலகப் பிரதியோடு வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்த பிறகுதான் கையெழுத்து. ஒத்துப்போகாவிட்டால் மறுப்பு. எந்தக் கணவனும் எந்தச் சாட்சியும் அதை மாற்ற முடியாது.

ரேகைகள் ஒத்துப்போய்க்கொண்டேதான் இருந்தன. பழையதையும் எடுத்தது நான், புதியதையும் எடுத்தது நான். ஆணுக்கு இடது, பெண்ணுக்கு வலது.

சீனத்தில் போர் பெரிதாகி, கடலோர ஊர்கள் ஜப்பான்காரர் கைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. பாலத்தைத் தாண்டி வருகிற கூட்டம் மாறிவிட்டது. முன்பெல்லாம் வேலை தேடி ஆண்கள் வருவார்கள். இப்போது பெண்களும் குழந்தைகளும், மாற்றுத்துணிகூட இல்லாமல். பெண்களின் வரவுக்கும் மேலிடத்தில் மாதத்துக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். புதிதாக வருகிற பெண்ணுக்கு இடம் கிடைப்பது கடினம். முன்பே இங்கு இருந்தவள் என்று நிரூபித்தால் மட்டும் வழி உண்டு. அதனால் அடுத்தவர் சீட்டுகள் கைமாறின. நாங்கள் இன்னும் கவனமாகப் பார்த்தோம்.

அப்போது எனக்கு மலேரியா வந்து நான்கு நாள் படுத்துவிட்டேன். ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. புதன்கிழமை வேலைக்குப் போனால், வாசலிலேயே லிம் பிடித்துக்கொண்டார். "சாமி, உனக்குக் காய்ச்சல்னா ஆபீசுக்கே காய்ச்சல். உஸ்மான் எடுத்த ரேகையைப் பாரு. சட்டியைத் தேய்ச்ச மாதிரி இருக்கு."

நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் மலாய்தான். எனக்கு நினைவில் தமிழாகத்தான் வருகிறது.

பின்கட்டில் காத்திருப்போர் அறையில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். பெயர் ஆ கெங். மடியில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. வேலிக்கு வெளியே, சாலையோரம் ஒரு மனிதன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். உலு திராம் பக்கம் அன்னாசித் தோட்டத்தில் வேலை செய்பவன். அவன்தான் கணவன் என்று லிம் சொன்னார். ஆ கெங் இரண்டு வருடத்துக்கு முன் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று குழந்தையோடு ஊருக்குப் போனவள். மறுநுழைவுச் சீட்டு எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். அங்கே போர் வந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் கடல் தண்ணீர் பட்டுச் சீட்டிலிருந்த புகைப்படம் கரைந்து, ஒரு தலை இருந்த அடையாளம் மட்டும்தான் மிச்சம். அலுவலகப் பிரதியில் படம் ஒட்டும் வழக்கம் அப்போது இல்லை. ரேகை மட்டும்தான். உஸ்மான் ரேகை எடுத்தார். ஒத்துப்போகவில்லை.

"இஞ்சே யூசோப் ரெண்டு தடவை பார்த்துட்டாரு" என்றார் லிம். "வெள்ளிக்கிழமை கப்பலுக்குத் திருப்பி அனுப்பணும். காகிதம் எழுதிக்கிட்டிருக்காரு."

"புருஷன்?"

"புருஷனா? அன்னைக்கு ஒருத்தன் மூணு சாட்சியோட வந்தானே, அவனும் புருஷன்தான்."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். குழந்தையை இடது கையால் அணைத்திருந்தாள். வலது கை மணிக்கட்டு வரை துணி சுற்றி மடியில் கிடந்தது.

உஸ்மான் மேசையில் இருந்தார். அவரிடம் கேட்டேன். "அந்தப் பொம்பளைக்கு எந்தக் கை எடுத்தே?"

"இடது."

"வலது கையில கட்டு இருக்குன்னா?"

"கட்டு இல்லாட்டியும் இடதுதானே, பாங் சாமி. சீட்டுப் பாரத்துல அச்சடிச்சே இருக்கு, பாருங்க. ஜாவியிலயும் இருக்கு, இங்கிலீஷ்லயும் இருக்கு."

"ஆம்பளைக்கு இடது. பொம்பளைக்கு வலதுதானே?"

உஸ்மான் சிரித்தார். "யார் சொன்னா? இடது கட்டைவிரல்னுதான் போட்டிருக்கு. ஆம்பளை பொம்பளைன்னு ஒண்ணுமே போடலையே." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "என்ன பாங்? மறுபடியும் காய்ச்சலா?"

எனக்கு மலாய் எழுதுகிற ஜாவி எழுத்தும் படிக்கத் தெரியாது, இங்கிலீஷும் படிக்கத் தெரியாது. அத்தனை வருடமாக அந்தப் பாரத்தில் எனக்குத் தெரிந்தது ஒரு கட்டம் மட்டும்தான். 'இடது கட்டைவிரல்' என்று எழுதிய கட்டத்துக்குள், இந்த அலுவலகத்துக்கு வந்த ஒவ்வொரு பெண்ணின் வலது கட்டைவிரலையும் நான் பதித்து வைத்திருக்கிறேன். அவர்கள் திரும்பி வந்தபோதும் நானே வலதை எடுத்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை.

உஸ்மான் மேசையில் கிடந்த ஆ கெங்கின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். என் கைவேலைதான். மூட்டுக்கோடு வரை இறங்கிக் கட்டத்தைத் தாண்டிய ரேகை. நுனியில் ஒன்றுமில்லை, கீழேதான் கோடுகள்.

இதைச் சொன்னால், நூற்றுக்கணக்கான பெண்களின் சீட்டில் தவறு இருக்கிறது என்று சொன்னதாகும். தவறு செய்தது இன்னார் என்றும் சொன்னதாகும். பின்கட்டில் குழந்தை ஏதோ கேட்டது, தாய் மெதுவாகப் பதில் சொன்னாள். முன்பு விற்கப்பட்ட அந்தப் பெண்ணின் மெத்தென்ற விரல் என் கையில் இருப்பது போலத் தோன்றியது. அன்றைக்கு வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

இஞ்சே யூசோப்பின் கதவு திறந்தே இருந்தது. போய் நின்றேன். எழுதிக்கொண்டிருந்தார். அவர் கையால் எழுதுகிறார் என்றால் என்ன காகிதம் என்று எனக்குத் தெரியும். வரியை முடித்தார், நிமிர்ந்தார்.

"உட்காருங்க, சாமி."

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. அன்றும் உட்காரவில்லை.

"துவான், அந்தப் பொம்பளையோட பழைய சீட்டு..." என்று தொடங்கினேன். துவான் என்றால் மலாயில் ஐயா. அவர் காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும்.

"அதுல இருக்கிறது இடது இல்ல துவான். வலது."

"பாரத்துல இடதுன்னு இருக்கே."

"நான் எடுத்தது வலது."

"இவளுக்கு மட்டுமா?"

நான் தரையைப் பார்த்தேன். "எல்லாப் பொம்பளைங்களுக்கும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்போயிருந்து?"

"சட்டம் வந்த நாள்லேருந்து."

"அலமாக்" என்றார் இஞ்சே யூசோப். கடைத்தெருவில் தக்காளி சிந்தினால் பெண்கள் சொல்கிற சொல் அது. அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"தோட்டத்துல பெரிய கிராணி, துவான்."

"அவர் இப்ப எங்க?"

"செத்துப் போயிட்டாரு."

"அதிர்ஷ்டசாலி" என்றார். அவர் உதடு லேசாக அசைந்தது. சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு, "உங்க வார்த்தையை நான் நம்புறேன், சாமி. ஆனா என் நம்பிக்கையைக் கோப்புல வைக்க முடியாது. நீங்க சொன்னதைக் கண்ணால பார்க்கணும். யாராவது ஒரு பொம்பளை வேணும்" என்றார்.

அலுவலக வாசலில் கஞ்சி விற்கும் ஆ சிம் இருந்தாள். அவள் சீட்டும் எங்கள் அலுவலகத்துச் சீட்டுதான். லிம் போய்க் கூப்பிட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். நான் இடது கையை நீட்டச் சொன்னேன், எடுத்தேன். வலது கையைக் கேட்டேன்.

"இத்தனை வருஷமா கஞ்சி ஊத்துறேன், இந்த ஆள் தலை நிமிர்ந்து பார்த்ததில்ல. இன்னைக்கு ரெண்டு கையும் வேணுமா?" என்று அவள் கேட்டதை லிம் மொழிபெயர்த்தபோது உஸ்மான் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். எனக்குக் காது எரிந்தது.

இஞ்சே யூசோப் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஆ சிம்மின் இடது, கோப்பில் இருந்ததோடு சேரவில்லை. வலது சேர்ந்தது. இன்னொரு பெண்ணையும் வரச் சொல்லிப் பார்த்தார். அவளுக்கும் அப்படியே.

எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்து இரண்டாக மடித்தார். கிழிக்கவில்லை. "இவ வேற ஆள்னு சொல்றதுக்கு இப்போ ஆதாரம் இல்ல. ஆனா இவதான் ஆ கெங்னு சொல்றதுக்கும் ஆதாரம் இல்லையே. அந்த வலது விரல் வேணும்."

ஆ கெங்கைக் கூப்பிட்டார்கள். உட்கார வைத்தார்கள். கையில் என்ன என்று லிம் கேட்டார். அவள் நீளமாக ஏதோ சொன்னாள். அவர், "வீடு எரிஞ்சுதாம். பிள்ளை உள்ள இருந்துச்சாம்" என்று மட்டும் சொன்னார்.

கட்டைப் பிரிக்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்டு வாங்கிய வேலை என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, துணி தானாக விடும்வரை கையை ஊற வைத்தேன். அவள் வலியில் மூச்சை இழுத்தாள். துணி விட்டது. புண் பெரும்பாலும் ஆறியிருந்தது. விரல் நுனிகள் சுருங்கி மினுமினுவென்று இருந்தன. கட்டைவிரலின் மேல்பாதியில் ரேகையே இல்லை. நெருப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

"முடிஞ்சுது" என்றார் லிம் மெதுவாக.

நான் விரலைத் திருப்பிப் பார்த்தேன். மூட்டுக்கோட்டுக்கு மேலே, ஓர் அரிசி மணி நீளத்துக்குத் தோல் நல்ல தோலாகவே இருந்தது. அதன் குறுக்கே வெள்ளையாக ஒரு பழைய வெட்டு. அன்னாசிக் கத்தி வழுக்கினால் அங்கேதான் படும்.

மையை முன்னெப்போதையும்விட மெல்லியதாகத் தேய்த்தேன். அவள் பயந்து விரலை அழுத்தப் பார்த்தாள். ஜன்னலைக் காட்டினேன். அவள் நீரிணையைப் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே குத்துக்காலிட்டிருந்தவன் எழுந்து நிற்பதைப் பார்த்தாள். விரல் கனமில்லாமல் ஆயிற்று. உருட்டினேன்.

இஞ்சே யூசோப் இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துக் குனிந்தார். ஒரு ஊசியை எடுத்து, ஒவ்வொரு கோடாக நகர்த்தி எண்ணினார். ஒரு இடத்தில் நின்றார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். சுவரில் பல்லி சத்தம் போட்டது. பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். "நீங்க பாருங்க."

பழைய ரேகையில், கட்டத்துக்கு வெளியே, உஸ்மான் கேலி செய்யும் அந்த இடத்தில், கோடுகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தடம் ஓடியது. புதிய ரேகையிலும் அதே சாய்வில், அதே கோட்டில் தொடங்கி, அதே கோட்டில் முடிந்தது.

"கட்டத்துக்குள்ள மட்டும் எடுத்திருந்தா இன்னைக்கு நம்மகிட்ட ஒண்ணும் இருந்திருக்காது" என்றார் அவர். "சரியான விரலை எடுத்திருந்தா, இந்தச் சிக்கலே வந்திருக்காது. நான் உங்களைத் திட்டவா, வேண்டாமா?"

"திட்டுங்க, துவான்."

"பிறகு பார்க்கலாம்" என்று, அனுமதிக் காகிதத்தை எடுத்தார். அன்றைக்கு மட்டும் கிராணியிடம் கொடுக்காமல் அதையும் தானே எழுதினார். எழுதி, லிம்மைப் பக்கத்தில் நிறுத்தி, வரி வரியாக ஆ கெங்குக்குப் படித்துக் காட்டினார். மறுப்பைத்தான் படிக்கிறார் என்று நினைத்து அவள் முதலில் அழத் தொடங்கிவிட்டாள். லிம் இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மதியம் அவர் சாப்பிட்டார். ஆ சிம்மின் கஞ்சிதான்.

திட்டு வரவில்லை. மேலிடத்துக்கு அவர் அனுப்பிய அறிக்கையில் என் பெயர் இல்லை என்று பிறகு லிம் சொன்னார். 'இந்த அலுவலகத்தின் தவறு' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டிருந்தாராம். ஒரு வாரத்தில் ஒரு சின்ன ரப்பர் முத்திரை வந்தது. அதில் ஒரே சொல், 'கானான்'. வலது என்று அர்த்தம். "உங்களுக்கு ஏழு மாசம் இருக்கு. போறதுக்கு முன்னால முடிச்சிடுங்க" என்றார்.

பெண்களுக்கென்று இருந்த அலமாரியிலிருந்து ஒவ்வொரு கோப்பாக எடுத்து, கட்டத்துக்குப் பக்கத்தில் அந்த முத்திரையைக் குத்தினேன். பெயர்களை என்னால் படிக்க முடியாது. ஆனால் விரல்கள் தெரிந்தன. இது துணி துவைப்பவள், இது ரப்பர் பால் வெட்டுபவள், இது கையை இழுத்துக்கொண்டே இருந்தவள். மெத்தென்ற அந்த விரலும் ஒரு நாள் வந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்கும் குத்தினேன். கடைசிக் கோப்பை முடித்த மறுவாரம் ஓய்வு பெற்றேன்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. பத்து விரல் எடுத்தால் இந்தத் தவறு நேராது. நல்லதுதான். வேறு ஏதாவது நேரும். அப்போது போய்ச் சொல்லிவிடுங்கள். காது சூடாகும், அவ்வளவுதான்.

ஒன்றை விட்டுவிட்டேன். அன்று ஆ கெங் எழுந்து புறப்படும்போது, குழந்தை மட்டும் நகராமல் என் மேசை முன்னால் நின்றது. அம்மா செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததல்லவா, தன் கையையும் நீட்டியது. அந்த வயதுக் குழந்தைக்கு ரேகை வேண்டியதில்லை, தாயின் சீட்டிலேயே அது வந்துவிடும். லிம் சொல்லிப் பார்த்தார். கை இறங்கவில்லை. நெருப்பிலிருந்து முழுசாக வெளியே வந்த கை. நான் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தேன். ஒரு கணம் யோசித்தேன். பிறகு இடதையும் எடுத்தேன், வலதையும் எடுத்தேன்.

இரண்டு ரேகையும் சேர்ந்து ஒரு கட்டைவிரல் அளவுகூட இல்லை. குழந்தை காகிதத்தை ஊதி ஊதி உலர்த்திக்கொண்டே வாசலுக்குப் போனது. அங்கே உஸ்மான் நின்றிருந்தார். அவரிடம் நீட்டியது. அவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"சரியா இருக்கு. போகலாம்" என்றார்.